பட்டத்துக்குப் பின் படிப்பு: புதிதாகப் பணியேற்கும் கால்நடை மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி

1990-களில் டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து இந்தியக் கால்நடை மருத்துவர்களின் பைக்குள் வந்து சேர்ந்தபோது அதைக் குறை சொல்ல யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விலை மலிவு, காய்ச்சலும் வலியும் விரைவில் தணிந்தன, மறுநாள் மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது. அந்த மருந்து உடலில் இருக்கும்போதே இறந்துபோன மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன என்பது, பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வின் மூலம் 2004-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றான வலிநிவாரணி மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்ற ஆய்வு முடிவும் அதே ஆண்டில் வெளிவந்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023-இல், பாறுகளுக்குத் தீங்கான வேறு இரண்டு வலிநிவாரணிகளான கீட்டோப்ரொஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன.

2003-இல் டைக்ளோஃபெனாக் போட்ட மருத்துவர்மீது குற்றமில்லை, ஏனெனில் அன்று இருந்த அறிவு அவ்வளவுதான். 2010-இல், அதுவும் பாறுகள் எஞ்சியிருக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில், மருந்துக்கடையில் வாங்கிவரச் சொல்லி அதையே போட்டவருக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது. இந்த இரண்டு மருத்துவர்களுக்கும் பட்டம் ஒன்றுதான், பாடத்திட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருக்குக் கிடைக்காத செய்தி மற்றவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதே வேறுபாடு. அந்தச் செய்தி நம்மைத் தேடி வராது என்பதால், நாம் அதைத் தேடிப் போவதற்கான நடைமுறைகளை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் அரசுக் கால்நடை மருந்தகத்திலோ சிறிய தனியார் மருத்துவமனையிலோ பணி தொடங்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுவதால், உதாரணங்கள் பெரும்பாலும் மாட்டுக் கொட்டகையிலிருந்து வருகின்றன.

முதல் வேலை: கேள்விக் குறிப்பேடு

புதிதாக வருபவர்களில் பலர் ஆய்விதழ்களை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கி, இரண்டு மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். கால்நடை மருத்துவத்தில் ஓர் ஆண்டில் வெளியாகும் கட்டுரைகளை ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தாலும் படித்து முடிக்க முடியாது. படித்து முடித்தாலும் அவற்றில் பெரும்பகுதி உங்கள் மருந்தகத்து வாசலில் நிற்கும் மாட்டுக்குப் பயன்படாது. ஆகவே ஆய்விதழிலிருந்து தொடங்காமல் நோயாளிப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் மருந்தகத்தைப் பூட்டுவதற்கு முன், அன்று நீங்கள் ஐயத்தோடு செய்த ஒரு காரியத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். 'இதை ஏன் செய்தேன்?' என்று கேட்டால் 'கல்லூரியில் அப்படித்தான் சொன்னார்கள்' அல்லது 'எனக்கு முன்னிருந்த டாக்டர் அப்படித்தான் செய்தார்' என்பதைத் தவிர வேறு விடை இல்லாத காரியம் எதுவோ அதுவே அன்றைய கேள்வி. வாரக் கடைசியில் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்.

அந்தக் கேள்வியைத் தேடத்தக்க வடிவில் எழுத ஒரு முறை இருக்கிறது. எந்த நிலையில் உள்ள எந்த விலங்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்தப் பலனைப் பார்க்கப்போகிறோம் என்ற நான்கு பகுதிகளும் கேள்விக்குள் இருக்க வேண்டும். 'நஞ்சுக்கொடி தங்கினால் என்ன செய்வது?' என்பது கேள்வியே அல்ல. அதற்கு ஆயிரம் விடைகள் வரும்.

ஒரு கேள்வியை முழுதாகத் தொடர்ந்து பார்ப்போம்

மூன்றாவது ஈற்றுக் கலப்பின ஜெர்சிப் பசு. கன்று ஈன்று ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழவில்லை. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது, பால் ஓரளவு தருகிறது. பின்புறம் தொங்கும் கொடியில் ஈ மொய்க்கிறது. உரிமையாளரின் தாயார் அதில் ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டிருக்கிறார். 'கைய விட்டு எடுத்து விட்டுருங்க டாக்டர், போன தடவை வந்தவரு அப்படித்தான் எடுத்தாரு' என்கிறார் உரிமையாளர். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் பணியேற்றாலும் முதல் மாதத்துக்குள் இந்தக் காட்சி உங்கள் முன் வந்து நிற்கும்.

நான்கு பகுதிகளாக இதை எழுதினால் கேள்வி இப்படி அமையும்: காய்ச்சல் இல்லாத, கொடி தங்கிய கறவைப் பசுவில், கையால் பிரித்தெடுத்துக் கருப்பைக்குள் மாத்திரை வைப்பது, எதுவும் செய்யாமல் வெப்பநிலையை மட்டும் கண்காணிப்பதைவிட, அடுத்த சினைப்பிடிப்பை மேம்படுத்துமா? கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். 'கொடி வெளியே வந்துவிட்டதா' என்பது உரிமையாளருக்கு உடனடி நிம்மதி தரும் பலன். மாட்டின் பொருளாதார மதிப்பைத் தீர்மானிப்பது அது மீண்டும் சினை பிடிக்கிறதா என்பதுதான். தவறான பலனை அளந்தால் தவறான சிகிச்சையே சிறந்ததாகத் தெரியும்.

தேடும் வரிசை முக்கியம். முதலில் வழிகாட்டி நெறிகள், பிறகு நம்பத்தக்க கையேடு, பிறகு மீளாய்வுக் கட்டுரை, கடைசியில்தான் தனித்தனி ஆய்வுகள். மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை 2024-இல் கால்நடைகளுக்கும் கோழிகளுக்குமான தரநிலைச் சிகிச்சை வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மெர்க் கால்நடை மருத்துவக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தொடர்ந்து திருத்தப்படுகிறது. கல்லூரியில் வாங்கிய பழைய அச்சுப் பதிப்பைவிட அதை நம்புங்கள். அதற்குப் பிறகு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் தேடும்போது, மீளாய்வுக் கட்டுரைகளை மட்டும் காட்டு, முழுக்கட்டுரை இலவசமாக உள்ளவற்றை மட்டும் காட்டு என்ற இரண்டு வடிகட்டிகளையும் இட்டால் ஆயிரக்கணக்கில் வரும் பட்டியல் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கேள்விக்குத் தேடினால் கிடைப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கையால் பிரித்தெடுப்பது அடுத்த சினைப்பிடிப்பை மேம்படுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கருப்பையின் உட்படலத்தைக் காயப்படுத்தித் தொற்றுக்கு வழிசெய்யும் என்பதற்குச் சான்று உண்டு. கருப்பைக்குள் வைக்கும் டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள், கொடியைத் தாயிடமிருந்து விடுவிக்க உதவும் நொதிகளையே தடுத்துவிடக்கூடும். கொடி தங்குவதற்கான காரணமே பெரும்பாலும் கன்று ஈனுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் இரத்த வெள்ளணுக்களின் செயல்திறன் குறைந்த மாடுகளில்தான் கொடி அதிகம் தங்குகிறது என்று 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காரணம் அங்கே இருக்கும்போது கையை உள்ளே விட்டு இழுப்பதால் என்ன தீரும்? இன்றைய பரிந்துரை எளிமையானது: தொங்கும் பகுதி தொந்தரவாக இருந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டு, முதல் பத்து நாட்கள் வெப்பநிலையைக் கண்காணித்து, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ மாடு சோர்ந்து தீனி குறைந்தாலோ ஊசி வழியாக நுண்ணுயிர்க்கொல்லி தருவது.

இங்கே நின்றுவிடக் கூடாது. இந்த ஆய்வுகளில் பல ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளின் பண்ணைகளில் நடந்தவை. அங்கே நாள்தோறும் வெப்பநிலை பார்க்க ஆள் இருக்கிறார். நம் ஊரில் இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் வெப்பமானியே இருக்காது. எனவே சிகிச்சையோடு சேர்த்து, வெப்பமானியை எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் வைப்பது, எந்த எண் வந்தால் உங்களைக் கூப்பிடுவது என்பதையும் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும், ஏனெனில் மாட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதைச் செய்யாமல் 'ஒன்றும் செய்யத் தேவையில்லை' என்று சொல்லிவிட்டு வந்தால், மாலையில் அந்த வேலையைச் செய்ய வேறொருவர் வந்து நிற்பார். இன்னொன்றும் உண்டு: சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசி, கூடவே கொடியும் தங்கினால் கன்று வீச்சு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் கையுறை இல்லாமல் உள்ளே கைவிடுவது மருத்துவர் தம்மையே நோய்க்கு ஒப்புக்கொடுப்பதாகும். இரத்தநீர் மாதிரியை மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவதும் அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதியே.

ஒரு கட்டுரையை எங்கிருந்து படிப்பது

சுருக்கத்தைப் படித்துவிட்டு முடிவுரைக்குத் தாவுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆய்வு முறை என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஒப்பீட்டுக் குழு இருந்ததா? எந்த மாடு எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்களா, அல்லது நல்ல நிலையில் இருந்த மாடுகளெல்லாம் புதிய மருந்துக் குழுவுக்குப் போய்விட்டனவா? எத்தனை மாடுகள்? எட்டுப் பசுக்களை வைத்துக்கொண்டு சினைப்பிடிப்பு விகிதம் பேசும் கட்டுரையைப் படிக்க நேரம் ஒதுக்காதீர்கள். பலனை அளந்தவருக்கு எந்த மாட்டுக்கு எது தரப்பட்டது என்பது தெரியுமா?

ஒப்பீட்டுக் குழுவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம்மிடம் வரும் நோய்களில் பல தாமாகவே தணியக்கூடியவை. கன்று ஈன்ற சில நாட்கள் தீனி குறையும் மாடு, கழிச்சலில் இருக்கும் வளர்ந்த ஆடு, மிதமான செரிமானக் கோளாறு ஆகியவை எதையும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் மூன்று நாளில் தேறிவிடும். மூன்று நாள் டானிக் கொடுத்தால் புகழ் டானிக்குக்குப் போகிறது. 'என் அனுபவத்தில் நூற்றுக்கு நூறு பலன்' என்று யாராவது சொன்னால், கொடுக்காமல் விட்ட மாடுகள் எத்தனை என்று மரியாதையாகக் கேளுங்கள்.

முழுக்கட்டுரை பணம் கேட்டால் மனம் தளர வேண்டாம். கட்டுரையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள். கல்லூரி நூலகங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மின்னிதழ்க் கூட்டமைப்பு வழியாகப் பல இதழ்கள் கிடைக்கின்றன. வேலையாக வேப்பேரிக்கோ நாமக்கல்லுக்கோ போகும்போது அரை நாளை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். அந்தக் கழகத்தின் விலங்கு அறிவியல் ஆய்விதழைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சென்னையிலிருந்து 1924-இல் தொடங்கிய இந்தியக் கால்நடை மருத்துவ இதழும் இருக்கிறது. உள்நாட்டு ஆய்வு என்பதற்காக எதையும் ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எருமை, நாட்டு மாடு, மேச்சேரி செம்மறி ஆகியவற்றைப் பற்றி வெளிநாட்டில் யாரும் நமக்காக ஆய்வு செய்து தரப்போவதில்லை. பணம் கொடுத்தால் பத்து நாளில் எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களும் பெருகிவிட்டன. ஓர் இதழ் பப்மெட்டில் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை, முழுச் சோதனை அன்று. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்கள், அவை காட்டும் கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே அதன் பேச்சைக் கேட்க வேண்டும். மருந்தளவை அவற்றிடமிருந்து எடுக்கவே வேண்டாம்.

வேறு நாட்டு விடை நம் கொட்டகைக்குப் பொருந்துமா

பால் வற்றும் காலத்தில் எல்லா மாடுகளின் எல்லாக் காம்புகளிலும் நுண்ணுயிர்க்கொல்லிக் குழாயை ஏற்றுவது நீண்டகாலம் நல்ல நடைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிர்கள் பெருகுவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல், நோய் வராமல் தடுப்பதற்காக மந்தை முழுவதற்கும் நுண்ணுயிர்க்கொல்லி தருவதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. இப்போது அங்கே தொற்று உள்ள மாட்டுக்கு மட்டும் மருந்து, மற்றவற்றுக்குக் காம்பை அடைக்கும் பசை என்ற முறை பரவியிருக்கிறது. இதைப் படித்த இளம் மருத்துவர் ஒருவர் மறுநாளே தம் பகுதியில் வற்றுக்கால மருந்தை நிறுத்திவிடலாமா?

கூடாது, அதற்காகப் பழையபடி எல்லா மாட்டுக்கும் ஏற்றிக்கொண்டே இருக்கலாம் என்றும் பொருளில்லை. அங்கே எந்த மாட்டுக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்ல, ஒவ்வொரு மாட்டின் பாலிலும் உடலணு எண்ணிக்கை (மடியில் தொற்று இருந்தால் இது கூடும்) தொடர்ந்து பார்க்கப்பட்டுப் பதிவில் இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. அதற்கு மாற்றாக, கறவை நிறுத்தும் வாரத்தில் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனைத் திரவத்தைத் தட்டில் நான்கு காம்புப் பாலோடும் கலந்து பார்க்கலாம். பால் கூழாகத் திரளும், அதாவது தொற்றுள்ள, காம்பு எது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கையால் கறக்கும் பழக்கம், ஈரத் தரை, கறந்தவுடன் மாடு படுத்துக்கொள்வது ஆகியவற்றையும் கணக்கில் எடுத்த பிறகே அந்த ஆய்வின் முடிவில் எவ்வளவு நமக்கு ஆகும் என்று சொல்ல முடியும். ஒவ்வொரு வெளிநாட்டுக் கட்டுரைக்கும் இப்படி ஓர் இடைவேலை இருக்கிறது. படிப்பில் கடினமான பகுதியும் அதுவே.

இதே அளவுகோலை மரபு மருத்துவத்துக்கும் பிடியுங்கள். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பல மாநிலங்களில் பரப்பிவருகிறது. அதன் வேர் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆய்வுப் பணியில் இருக்கிறது. அதை ஏளனம் செய்யும் மருத்துவரும், கேள்வியே கேட்காமல் எல்லா மடிநோய்க்கும் எழுதிக்கொடுக்கும் மருத்துவரும் என் கண்ணுக்கு ஒன்றுதான். பூசுவதற்கு முன்னும் ஐந்து நாள் கழித்தும் அதே சோதனைத் திரவத்தால் பார்த்துக் குறித்துவையுங்கள். மாடு காய்ச்சலோடு படுத்துவிட்டால் பூச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நோய் நிலவரமும் தடைப் பட்டியலும்

சிகிச்சை அறிவு மெதுவாக மாறும்; நோய் நிலவரம் ஒரே பருவத்தில் மாறிவிடும். தோல் கழலை நோய் 2019-இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்படும்வரை இந்திய மாணவர்களுக்கு அது வெளிநாட்டு நோய்களின் பட்டியலில் ஒரு பெயர். மூன்று ஆண்டுக்குள், 2022-இல், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகளை ஆயிரக்கணக்கில் கொன்றது. தனித் தடுப்பூசி இல்லாத நிலையில் ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடும் முடிவு எடுக்கப்பட்டது. 2019-க்கு முன் பட்டம் வாங்கியவர் எந்த வகுப்பில் அதைக் கற்றிருக்க முடியும்?

பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம் மாவட்ட வாரியாக நோய் முன்னெச்சரிக்கைகளை மாதந்தோறும் வெளியிடுகிறது. அடைப்பான், தொண்டை அடைப்பான், ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றில் எது உங்கள் மாவட்டத்தில் வரக்கூடும் என்பதை மாதத் தொடக்கத்தில் பார்த்துவிட்டுத் தடுப்பூசித் திட்டத்தைக் கோட்ட உதவி இயக்குநரிடம் பேசலாம். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் அறிவிப்புகளை மாதம் ஒரு முறை பார்த்தால் அண்டை நாடுகளில் புதிதாக எது தலைகாட்டுகிறது என்பது தெரியும்.

மருந்துத் தடைகளை அறிய ஆய்விதழ் தேவையில்லை, அரசிதழும் துறைச் சுற்றறிக்கையும் போதும். ஆனால் அவற்றை மருந்தக அலமாரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் குறைவு. உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2019-இல் தடைசெய்யப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை இருப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் இன்றைய நிலை என்ன, பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.

பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பது

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி நம் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைக் கட்டணத் தேதியாக மட்டும் பார்க்காமல், கடந்த ஐந்து ஆண்டில் என்ன புதிதாகக் கற்றோம் என்று கணக்குப் பார்க்கும் தேதியாகவும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். 2022 முதல், கற்றதால் தம் நடைமுறையில் என்ன மாறியது என்ற குறிப்பையும் எழுத வேண்டும். மணி நேரக் கணக்கைவிட அந்தக் குறிப்புத்தான் எனக்கு உருப்படியாகத் தோன்றுகிறது. உட்கார்ந்திருந்த நேரத்துக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம்; என்ன மாறியது என்று எழுத உட்காரும்போது பொய் சொல்வது கடினம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உள்ளன. கல்லூரி மருத்துவமனைகளிலும் களமருத்துவர்களுக்கான குறும்பயிற்சிகள் நடக்கின்றன. துறையும் தன் பணியாளர்களை அனுப்பிவைக்கிறது. தேர்வு உங்கள் கையில் இருந்தால், கையால் செய்து பழக வேண்டியதற்கு நேரில் போங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு வீட்டிலிருந்தபடியே இணைய வகுப்பைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் கருவியில் முப்பது நாள் சினையைக் காண்பதும், காது இரத்தக்குழாயிலிருந்து எடுத்த இரத்தத் துளியை மெல்லிய பூச்சாக இழுத்து, ஜீம்சாச் சாயமேற்றி, உண்ணிகள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகளான தெய்லீரியாவையும் பபீசியாவையும் பிரித்தறிவதும் திரையில் பார்த்துக் கைவரும் வேலைகள் அல்ல. உண்ணிக் காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியைப் போடும் பழக்கம் ஓர் இரத்தப் பூச்சைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மாறிவிடும்: தெய்லீரியாவுக்குப் பூபார்வாக்வோன், பபீசியாவுக்கு டைமினசின், உண்ணி பரப்பும் இன்னொரு நுண்ணுயிரான அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் என்று மருந்து வேறு, செலவும் வேறு.

நாய், பூனை பார்ப்பவர்களுக்கு நிலைமை சற்று எளிது. உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டி 2024-இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. நாய்க்குட்டிக்கான தொடர் ஊசியில் கடைசி ஊசி 16 வார வயதிலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்பதையும், எலிக்காய்ச்சல் நிலவும் பகுதிகளில் அதற்கான ஊசியை அடிப்படை ஊசியாகவே கொள்ள வேண்டும் என்பதையும் அதில் பார்க்கலாம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தலைதூக்கும் நம் ஊர்களுக்கு இரண்டாவது செய்தி நேரடியாகப் பொருந்தும்.

மெடிக்கல் ரெப்பும் வாட்ஸ்அப்பும்

மருந்து நிறுவனப் பிரதிநிதியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. புதிய மருந்து சந்தைக்கு வந்திருப்பதை அவர்தான் முதலில் சொல்வார். வண்ணத் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு, அதில் உள்ள வரைபடத்துக்கு அடியில் சிறு எழுத்தில் போட்டிருக்கும் ஆய்வு எது, எந்த இன விலங்கில் நடந்தது, ஒப்பீடு வெறும் தண்ணீரோடா அல்லது இப்போது நாம் பயன்படுத்தும் மருந்தோடா, செலவை ஏற்றவர் யார் என்று கேளுங்கள். அடுத்த முறை முழுக்கட்டுரையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவந்தால் படியுங்கள், கொண்டுவராவிட்டால் அதுவே ஒரு விடை.

வாட்ஸ்அப் குழுக்கள் ஒரு நோயின் வருகையை அறியவும், விசித்திரமான புண்ணின் படத்தைப் போட்டு மூத்தவர்களிடம் கேட்கவும் மிகவும் பயனுள்ளவை. மருந்தளவை அங்கிருந்து எடுப்பது மட்டும் வேண்டாம். மில்லிகிராம் மில்லியாவதும், கிலோவுக்கு என்பது விழுந்துபோவதும் இரண்டாவது ஃபார்வர்டிலேயே நடந்துவிடும். குழுவைவிட உறுதியானது ஐந்தாறு பேர் கொண்ட படிப்பு வட்டம். கோட்டத்தின் மாதாந்திரக் கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒருவர் ஒரு நோயாளியையும் அதற்காகத் தேடிய ஒரு கட்டுரையையும் சொல்லட்டும். மூத்த மருத்துவர்களையும் கால்நடை ஆய்வாளர்களையும் அழையுங்கள். கட்டுரை சொல்வதற்கும் களத்தில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சுட்டிக்காட்டிவிடுவார்கள்.

தேடிய விடையைச் சரிபார்ப்பது

ஒரு நடைமுறையை மாற்றினால், மாற்றியதன் பலனையும் நீங்களே பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி உதாரணத்தையே எடுத்துக்கொண்டால், ஒரு தனி நோட்டில் கோடுகள் போட்டு, உரிமையாளர் பெயர், காதுவில்லை எண், ஈன்ற தேதி, எத்தனையாவது ஈற்று, கொடி தானாக விழுந்த நாள், காய்ச்சல் வந்ததா, நுண்ணுயிர்க்கொல்லி தரப்பட்டதா, முதல் சினை ஊசித் தேதி, சினை உறுதியான தேதி என்று எழுதிவாருங்கள். கையால் எடுக்க நேர்ந்த மாடுகளையும் அதே நோட்டில் எழுதுங்கள், மறைக்கக் கூடாது. ஓராண்டில் சேரும் எண்ணிக்கை ஆய்வுக் கட்டுரைக்குப் போதாது என்றாலும், ஈன்றதிலிருந்து சினை உறுதியாகும்வரை உங்கள் பகுதி மாடுகளுக்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்பதை நீங்கள் முதன்முறையாக எண்ணாக அறிந்திருப்பீர்கள். அந்த நோட்டின் நகல் ஒன்றை, பணிமாறுதலில் போகும்போது அடுத்து வரும் மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.